சல்லிக்குள் இருக்கும் சரித்திரம்: வெள்ளைக்காரன் காலத்து நாணயங்களில் எதற்குக் கிராக்கி, ஏன்?

நோன்புப் பெருநாளுக்குச் சில தினங்களுக்கு முன்னர், அஸருக்குப் பிறகு கடையில் கூட்டம் குறைந்திருந்த நேரம், அக்குறணைப் பக்கத்திலிருந்து வயதான ஒரு தாயார் வந்தார். கையில் ஒரு பழைய பால்மா டின். மூடியைத் திறந்து மேசையில் கொட்டினார். எல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் காசு.

"மகன், இது எங்கட வீட்டுக்காரர் சேத்து வச்சது. அவர் மவுத்தாகி ரெண்டு வருசம். ஒரு கடையில செம்பு வெலக்கித் தாரன் எண்டு சொன்னாங்க. நீங்க பாத்து நியாயமா ஒரு வெல சொல்லுங்க" என்றார்.

குவியலில் பெரும்பாலானவை சாதாரணச் சதக் காசுகள். ஆனால் ஓர் ஓரத்தில், சட்டைப் பொத்தான் அளவுக்குக்கூட வராத ஒரு செப்புக் காசும், அதைவிடச் சிறிய இரண்டு வெள்ளிக் காசுகளும் கிடந்தன. "அது பேரப்புள்ளயள் வெளயாடுற சாமான், அதப் பாக்க வேணாம்" என்று அவற்றை ஒதுக்கப் போனார். நான்தான் தடுத்தேன். அந்த டின்னில் மிகவும் பெறுமதியானவை அந்த மூன்றும்தான்.

கண்டி, கட்டுகஸ்தோட்டை, மடவளை, கம்பளைப் பகுதிகளில் பழைய பித்தளைச் சாமான், வெள்ளிச் சாமான், நகை வியாபாரம் செய்யும் நமது சகோதரர்கள் பலரிடம் இப்படியான டின்கள் வந்து போகின்றன. விபரம் தெரியாததால் சிலர் நட்டப்படுகிறார்கள். சிலர் தம்மை அறியாமலே பிறரை நட்டப்படுத்துகிறார்கள். எனவே சேகரிப்போர் எந்தப் பெறுமதி நாணயங்களைத் தேடுகிறார்கள், ஏன் தேடுகிறார்கள் என்பதை எனக்குத் தெரிந்த அளவில் இவ்வாரம் எழுதுகிறேன்.

பழமை மட்டும் விலையைத் தீர்மானிக்காது

நம்மவர்களிடம் உள்ள முதல் தவறான எண்ணம், பழைய காசு என்றால் விலை கூட என்பது. அப்படியல்ல. ஆயிரம் வருடத்துக்கு முந்திய செப்புக் காசு சில நூறு ரூபாவுக்குப் போவதுண்டு. நூறு வருடம்கூட ஆகாத ஒரு காசு பல்லாயிரத்துக்குப் போவதும் உண்டு.

விலையைத் தீர்மானிப்பவை நான்கு. முதலாவது, இன்று எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பது. எத்தனை அடித்தார்கள் என்பது வேறு, எத்தனை உருக்கப்படாமல் தப்பின என்பது வேறு. இரண்டாவது, காசின் நிலை. எழுத்தும் தலையும் தேய்ந்த காசுக்கும், கை படாத காசுக்கும் இடையில் பத்து மடங்கு, இருபது மடங்கு வித்தியாசம் வரலாம். மூன்றாவது, அதைக் கேட்டு வருபவர்களின் தொகை. உள்ளூர்ச் சேகரிப்பாளர் மட்டும் கேட்கும் காசுக்கு ஒரு விலை. இங்கிலாந்துக்காரரும் இந்தியக்காரரும் சேர்ந்து கேட்கும் காசுக்கு இன்னொரு விலை. நான்காவது, உலோகத்தின் பெறுமதி. வெள்ளியும் தங்கமும் இருந்தால் அதற்குக் கீழே விலை இறங்காது.

இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

யானைக் காசுகள்

ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து கரையோரத்தைப் பிடித்தது 1796இல். ஒல்லாந்தர் விட்டுப்போன கணக்கு முறையையே சில காலம் வைத்திருந்தார்கள். ஒரு ரிக்ஸ் டொலருக்கு 12 பணம், ஒரு பணத்துக்கு 4 ஸ்டைவர், ஒரு ஸ்டைவருக்கு 4 சல்லி. இன்றைக்கும் நாம் பணத்துக்குச் "சல்லி" என்று சொல்கிறோமே, அந்தச் சல்லிதான் இது.

1801 முதல் 1816 வரை தடித்த செப்புக் காசுகள் அடிக்கப்பட்டன. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் இலங்கை அரசாங்கம் என்று ஆங்கிலத்தில் எழுத்தும், நடுவில் ஓர் இலக்கமும் இருக்கும். கையால் அடித்தவை என்பதால் ஒன்றைப்போல் ஒன்று இராது. சில வட்டமாகவும் இராது. பார்ப்பதற்குச் செப்புக் கட்டியை நசுக்கியது போல இருக்கும். இதனாலேயே பழைய இரும்புக் கடைகளில் செம்போடு செம்பாகப் போய்விட்ட காசுகள் ஏராளம்.

இதில் வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. செப்புக் காசில் உள்ள 12, 24, 48 என்ற இலக்கம் ஒரு ரிக்ஸ் டொலருக்கு எத்தனை காசு என்பதைக் காட்டுகிறது. எனவே 48 என்றிருப்பதுதான் சிறியது, 12 என்றிருப்பது பெரியது. அக்காலத்து வெள்ளிக் காசுகளில் இது தலைகீழ். அவற்றில் உள்ள 24, 48, 96 என்பது ஸ்டைவர் கணக்கு. 48 ஸ்டைவர் ஒரு ரிக்ஸ் டொலர், 96 ஸ்டைவர் இரண்டு ரிக்ஸ் டொலர். செப்புக் காசைவிட வெள்ளி ஸ்டைவர்களுக்கே கிராக்கி அதிகம். காரணம், வெள்ளியை உருக்கிக் காப்பாகவும் கொலுசாகவும் ஆக்கிவிட்டார்கள், மிஞ்சியது குறைவு.

1815ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இயந்திரத்தால் அடிக்கப்பட்ட அரை, ஒன்று, இரண்டு ஸ்டைவர் செப்புக் காசுகளில் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் தலையும் யானையும் இருக்கும். அழகான காசுகள். கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன ஆண்டும் அதுதான் என்பதால், நமது ஊர்ச் சேகரிப்பாளர்கள் அந்த ஆண்டைத் தனியாகத் தேடுகிறார்கள்.

இந்த வரிசையில் எல்லாருடைய கண்ணும் போவது 1821ஆம் ஆண்டு வெள்ளி ரிக்ஸ் டொலர் மீதுதான். ஒரு பக்கம் நான்காம் ஜோர்ஜ், மறுபக்கம் யானை. அந்த ஆண்டு ஒன்று மட்டுமே அதில் உண்டு. பெரிய வெள்ளிக் காசு, அழகிய யானை, நாட்டின் பெயர், ஒரே ஆண்டு என்று சேகரிப்பாளர் விரும்பும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. இலங்கைக் காசு சேர்ப்பவருக்கும் வேண்டும், பிரித்தானியப் பேரரசின் காசு சேர்ப்பவருக்கும் வேண்டும், யானை உருவமுள்ள காசு சேர்ப்பவருக்கும் வேண்டும்.

இலங்கையின் பெயர் இல்லாத இலங்கைக் காசுகள்

1825இல் ஆங்கிலேயர் ரிக்ஸ் டொலர் கணக்கை நிறுத்தி, தமது பவுண், சிலிங், பென்னி கணக்கைக் கொண்டுவந்தார்கள். ஒரு ரிக்ஸ் டொலர் ஒரு சிலிங்கும் ஆறு பென்னியும், அதாவது 18 பென்னி என்று விலை நிர்ணயிக்கப்பட்டது.

இங்கேதான் கணக்குத் தெரிந்த வியாபாரிக்கு ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. 18 பென்னியை 12 பணமாகப் பிரித்தால் ஒரு பணம் ஒன்றரைப் பென்னி. இங்கிலாந்தின் வழமையான காசுகளில் ஒன்றரைப் பென்னிக் காசு கிடையாது. ஆனால் 1834 முதல் 1843 வரையும், பின்னர் 1860, 1862 ஆகிய ஆண்டுகளிலும் ஒன்றரைப் பென்னி வெள்ளிக் காசு அடித்துக் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பினார்கள். நமது சந்தையில் அது சரியாக ஒரு பணம். 12 மில்லிமீற்றர் அகலமுள்ள மிகச் சிறிய காசு. ஒரு பக்கம் மன்னர் அல்லது மகாராணியின் தலை. மறுபக்கம் மாலைக்குள் கிரீடமும் 1½ என்ற இலக்கமும் ஆண்டும்.

அதேபோல, பென்னியின் நாலில் ஒன்றான பார்த்திங்கும் நமது கிராமச் சந்தைக்குப் பெரிதாக இருந்தது. ஆகவே 1828இல் அரைப் பார்த்திங் அடித்தார்கள். 1839இல் கால் பார்த்திங்கும் வந்தது. கணக்குப் பார்த்தால் ஒரு பணத்துக்கு 12 அரைப் பார்த்திங். ஒரு ஸ்டைவருக்கு 3. ஒரு பவுணுக்கு 3,840 கால் பார்த்திங். பிரித்தானிய நாணய வரலாற்றிலேயே இதைவிடக் குறைந்த பெறுமதியுள்ள காசு அடிக்கப்படவில்லை.

இவை மூன்றிலும் இலங்கை என்ற பெயரோ யானையோ கிடையாது. ஆகவே நம்மவர்கள் இவற்றை வெளிநாட்டுக் காசு, விளையாட்டுக் காசு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் இங்கிலாந்தில் இவற்றைத் தமது நாட்டுக் காசு வரிசையில் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். விக்டோரியா மகாராணி காலத்துச் செப்புக் காசு ஒவ்வொன்றும் சேர்ப்பவருக்கு, கால் பார்த்திங் இல்லாமல் வரிசை பூர்த்தியாகாது. இங்கே கேட்க ஆளில்லாத காசுக்கு அங்கே ஆள் இருக்கிறார்.

மூன்றுக்கும் கிராக்கி ஒரே அளவில் இல்லை. அரைப் பார்த்திங் 1842 முதல் இங்கிலாந்திலும் செல்லுபடியாக்கப்பட்டதால் ஏராளமாக அடிக்கப்பட்டது. 1843, 1844 ஆண்டுக் காசுகள் தாராளமாகக் கிடைக்கும். தேய்ந்திருந்தால் பெரிய விலை இல்லை. 1828, 1830, 1837 ஆகிய ஆண்டுகளுக்கு, அதாவது விக்டோரியாவுக்கு முந்தியவற்றுக்கு, மதிப்பு அதிகம். கால் பார்த்திங் 1839, 1851, 1852, 1853 ஆகிய நான்கு ஆண்டுகளில் மட்டுமே புழக்கத்துக்கு அடிக்கப்பட்டது. ஆகவே நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் கவனமாக எடுத்து வைக்க வேண்டும். ஒன்றரைப் பென்னி வெள்ளியில் ஓட்டை போட்டுச் சங்கிலியில் கோர்த்தவை பல. ஓட்டையில்லாதது கிடைத்தால் அதற்குத் தனி மதிப்பு.

அந்தத் தாயாரின் டின்னில் இருந்தவை ஒரு கால் பார்த்திங்கும் இரண்டு ஒன்றரைப் பென்னிகளும்தான்.

தாளிப்பனைச் சதங்கள்

1872 ஜனவரி 1ஆம் திகதி ரூபாவும் நூறு சதமும் என்ற கணக்கு வந்தது. ஒரு ரூபா 2 சிலிங் 3 பென்னி, அதாவது 27 பென்னி. 1870 என்று ஆண்டு பொறித்த கால் சதம், அரைச் சதம், ஒரு சதம், ஐந்து சதம் ஆகிய செப்புக் காசுகள் வெளிவந்தன. ஒரு பக்கம் விக்டோரியா, மறுபக்கம் தாளிப்பனை. சிங்களத்திலும் தமிழிலும் பெறுமதி எழுதப்பட்டிருக்கும்.

ஏன் கால் சதம் வரை இறங்கினார்கள் என்று கேட்கலாம். 27 பென்னியை நூறாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு சதம் ஒரு பார்த்திங்கைவிடச் சற்றுக் கூட. கால் சதம் கால் பார்த்திங்குக்குக் கிட்ட வருகிறது. சந்தை பழகிய சில்லறையின் அளவு மாறாமலே பெயர் மட்டும் மாறியது என்று சொல்லலாம்.

இவற்றில் சேகரிப்போர் முதலில் கேட்பது விக்டோரியா காலத்து ஐந்து சதம். உள்ளங்கையில் கனமாக உட்காரும் பெரிய செப்புக் காசு. ஒரு சில ஆண்டுகளிலேயே அடிக்கப்பட்டது. 1909இல் சதுர வடிவ ஐந்து சதம் வந்ததும் இதன் காலம் முடிந்தது. பெரிய காசு என்பதால் செம்புக்காக உருக்கப்பட்டதும் இதுதான் அதிகம். ஒரு காலத்தில் அதை நிறுத்துச் செம்பு விலைக்கு வாங்கிய நமது ஊர்க் கடைகளை நானே கண்டிருக்கிறேன்.

அடுத்தது கால் சதம். 1904உடன் நின்றுபோனது. சின்னக் காசு, வறியவர் கையில் புழங்கிய காசு. ஆகவே தேயாமல் கிடைப்பது அருமை. அரைச் சதம் 1940 வரை அடிக்கப்பட்டதாலும், ஒரு சதம் ஏராளமாக இருப்பதாலும் அவற்றுக்குச் சாதாரண விலைதான். ஐந்தாம், ஆறாம் ஜோர்ஜ் காலத்து ஒரு சதங்களைப் பை நிறையக் கொண்டுவருபவரிடம், மனம் நோகாமல் அந்த உண்மையைச் சொல்லிவிட வேண்டும். 1944இல் வந்த பூவிதழ் ஓரம் கொண்ட இரண்டு சத, பத்துச் சதக் காசுகளும் அப்படித்தான். சிறுவர்கள் சேர்க்கத் தொடங்குவதற்கு நல்ல காசுகள், வியாபாரம் செய்வதற்கல்ல.

கண்டிப் பக்கத்தில் கிடைக்கும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேயிலைக்கு முன்னர் இந்த மலைநாட்டில் இருந்தது கோப்பி. 1869இல் கோப்பியில் நோய் கண்டு, பின்னர் அந்தப் பயிரே அழிந்தது. அந்தக் காலத்துக் கோப்பிக் கொம்பனிகளும் ஆலைகளும் தமது வேலையாட்களுக்குக் கொடுத்த செப்பு டோக்கன்கள் உண்டு. தலை இராது, அரசாங்கப் பெயர் இராது. கொம்பனியின் பெயரும் எழுத்துகளும் மட்டும் இருக்கும். அரசாங்கக் காசு அல்ல என்று வீசிவிடாதீர்கள். அவற்றுக்கென்றே தனிச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

வெள்ளிக் காசுக்கு ஒரு கணக்கு

1892இல் பத்துச் சதம், இருபத்தைந்து சதம், ஐம்பது சதம் ஆகியவை வெள்ளியில் வந்தன. இவற்றை வாங்கும்போது ஆண்டைப் பார்க்காமல் வாங்குவது பெரிய தவறு. ஆரம்பத்தில் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. 1919 முதல் நூற்றுக்கு 55 பங்குதான்.

ஐம்பது சதத்தின் நிறை 5.83 கிராம். முந்தியதில் சுத்த வெள்ளி ஏறக்குறைய 4.66 கிராம், பிந்தியதில் 3.2 கிராம். இருபத்தைந்து சதம் அதில் பாதி. பத்துச் சதம் 1.17 கிராம், முந்தியதில் 0.93 கிராம், பிந்தியதில் 0.64 கிராம். இரண்டையும் கலந்து ஒரே விலைக்கு நிறுத்து வாங்கினால் யாரோ ஒருவர் ஏமாறுவார்.

இங்கிலாந்து வெள்ளிக் காசுகளுக்கும் இந்தக் கவனம் தேவை. சிலிங், புளோரின், ஹாப் கிரவுன் ஆகியவற்றில் 1919 வரை நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி. 1920 முதல் 1946 வரை பாதி. 1947 முதல் வெள்ளியே இல்லை, நிக்கல் கலந்த செம்பு.

இந்திய ரூபாவும் நமது நாட்டில் புழங்கிய காசுதான். 1869 முதல் இங்கு சட்டபூர்வமாகவே செல்லுபடியானது. நிறை 11.66 கிராம், வெள்ளி நூற்றுக்கு 91.7 பங்கு. 1940 முதல் 1945 வரை பாதி வெள்ளி. 1947ஆம் ஆண்டு ரூபா வெறும் நிக்கல். அதைக் காந்தம் பிடிக்கும், வெள்ளியைப் பிடிக்காது.

ரூபாக்களில் நம்மவர்கள் அதிகம் விசாரிப்பது 1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜோர்ஜ் ரூபா. மன்னரின் அங்கியில் ஒரு சிறிய யானை பொறிக்கப்பட்டிருந்தது. ஆனால் தும்பிக்கை கட்டையாக இருந்ததால் பார்ப்பவர்களுக்கு அது பன்றியாகத் தோன்றியது. முஸ்லிம்கள் ஆட்சேபித்தார்கள். அந்தக் காசுகள் பெருமளவில் மீளப் பெறப்பட்டு, 1912இல் யானை திருத்தமாகத் தெரியும்படி மாற்றி அடித்தார்கள். "பன்றி ரூபா" என்று சேகரிப்போர் சொல்வது இதைத்தான். கதையால் விலை பெற்ற காசுக்கு இது நல்ல உதாரணம். ஆனாலும் கிடைக்காத காசல்ல. அதற்கு இலட்சக் கணக்கில் விலை சொல்பவரை நம்ப வேண்டாம். ரூபாக்களில் உண்மையில் அருமையானது 1939ஆம் ஆண்டு ஆறாம் ஜோர்ஜ் வெள்ளி ரூபா. அதிலேயே போலியும் அதிகம் என்பதால் எச்சரிக்கை தேவை.

பவுண்

நகைக் கடையில் நாம் சொல்லும் "ஒரு பவுண்" என்பது இங்கிலாந்தின் தங்கப் பவுண் காசிலிருந்து வந்த சொல். அந்தக் காசின் நிறை 7.99 கிராம், 22 கரட். நமது சந்தையில் அது 8 கிராம் என்று நிலைத்துவிட்டது.

பவுண் காசு பெரும்பாலும் தங்க விலைக்கே போகும். பலவற்றை அடித்து உலகெங்கும் அனுப்பியதால் சாதாரண ஆண்டுகளுக்குச் சேகரிப்பு மதிப்புக் குறைவு. இலண்டனில் மட்டுமல்ல, சிட்னி, மெல்பேர்ன், பேர்த், ஒட்டாவா, பிரிட்டோரியா, 1918இல் பம்பாய் ஆகிய இடங்களிலும் அடித்தார்கள். எந்த இடத்தில் அடித்தது என்பதைக் காட்டும் சிறிய எழுத்து காசில் இருக்கும். உருக்கப் போடுமுன் பூதக்கண்ணாடியால் அந்த எழுத்தையும் ஆண்டையும் ஒரு தடவை பார்ப்பதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

இலட்சக் கனவு

பழைய காசுக்கு இலட்சக் கணக்கில் தருகிறோம் என்று தொலைபேசியில் செய்தி அனுப்பி, முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று கேட்கும் மோசடி இன்று பெருகிவிட்டது. காசை வாங்குபவர்தான் பணம் தரவேண்டும். விற்பவரிடம் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். 1933ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பென்னி சில மட்டுமே அடிக்கப்பட்டது உண்மை. அந்தக் கதையைக் கேட்டு, ஆறாம் ஜோர்ஜ் பென்னிகளை டின்னோடு கொண்டுவருபவர்கள் உண்டு. அவை கோடிக் கணக்கில் அடிக்கப்பட்டவை.

கிழக்கிந்தியக் கொம்பனியின் பெயரில் இந்துத் தெய்வ உருவங்களும் 1818 போன்ற ஆண்டுகளும் பொறித்த செப்புக் காசுகளும் பிற்காலத்தில் செய்யப்பட்ட கற்பனைக் காசுகள். கொம்பனி அப்படி அரை அணா அடிக்கவில்லை. சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் வார்ப்புக் காசுகளும் நமது ஊரில் உண்டு. நகைத் தராசில் நிறையைப் பாருங்கள். ஓரத்தில் வார்ப்புக் கோடு இருக்கிறதா பாருங்கள். ஏற்கெனவே உண்மை என்று உறுதியான ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மினுக்காதீர்கள்

இது என் சொந்த அனுபவம். இளம் வயதில் என் கைக்கு 1870ஆம் ஆண்டு ஐந்து சதம் ஒன்று வந்தது. மகாராணியின் தலைமயிர் கூடத் தெளிவாகத் தெரிந்தது. பித்தளை வியாபாரியின் மகன் அல்லவா, புளியும் சாம்பலும் போட்டுப் பளபள என்று தேய்த்து, பெருமையோடு ஒரு சேகரிப்பாளரிடம் கொண்டுபோனேன். அவர் பார்த்துவிட்டு, "தம்பி, நேற்றுக் கொண்டு வந்திருந்தால் வாங்கியிருப்பேன்" என்றார்.

செம்பில் காலத்தால் படியும் கபில நிறம்தான் அதன் சாட்சி. தேய்த்தால் மேற்பரப்புப் போய்விடும், திரும்ப வராது. மண் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, துணியால் ஒற்றி எடுத்தால் போதும். கண்டியின் ஈரக் காலநிலையில் செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கும். ஆகவே மலிவான பிளாஸ்ரிக் உறையில் அடைக்காமல், காய்ந்த கடதாசி உறையில் ஒவ்வொன்றாகப் போட்டு, ஈரமில்லாத அலுமாரியில் வையுங்கள்.

சட்டத்தையும் பாருங்கள்

நமது தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியவற்றைத் தொல்பொருளாகக் கொள்கிறது. அது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். எனவே யானைக் காசுகளில் பல அதற்குள் வருகின்றன. அதற்கு முந்திய ஒல்லாந்தர் காசுகளும், வெள்ளிக் கம்பியை மடித்துச் செய்த கண்டி காலத்து லாரின்களும் அப்படியே. நிலத்தில் தோண்டும்போது கிடைப்பது அரசாங்கத்துக்கு உரியது. 1988ஆம் ஆண்டின் கலாசாரச் சொத்துச் சட்டமும் உண்டு. ஆகவே பழைய காசு எதையும் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கோ, கொண்டுசெல்பவருக்கு விற்பதற்கோ முன்னர் தொல்பொருள் திணைக்களத்தில் விசாரித்து, அனுமதிப்பத்திரம் தேவையென்றால் பெற்றுக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் பிடிபட்ட பிறகு சொல்லும் காரணம் எடுபடாது.

பவுணையும் வெள்ளியையும் கடனுக்கு வாங்குவது, விற்பனைக்கு வைத்திருப்பதன் ஸகாத் ஆகியவை பற்றி உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுவதும் நமது கடமை. டின்னில் கிடக்கிறது என்பதற்காக அது கணக்கில் வராமல் போகாது.

விபரமாக அறிய விரும்புவோருக்கு, கொட்ரிங்டன் என்ற ஆங்கிலேய சிவில் சேவை அதிகாரி 1924இல் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய நூல் இன்றும் அடிப்படை நூலாக மதிக்கப்படுகிறது. கொழும்பு கோட்டையில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலையில் இக்காசுகளை நேரில் பார்க்கலாம். ஒரு தடவை பார்த்த கண் மறக்காது.

அமானிதம்

கடைசியாக ஒன்று. இருபது வருடங்களுக்கு முன்னர் ஒரு வீட்டார் இப்படித்தான் ஒரு டின்னைக் கொண்டுவந்தார்கள். மகளின் கலியாணச் செலவுக்கு அவசரம் என்றார்கள். நான் வெள்ளியை வெள்ளி விலைக்கும் செம்பைச் செம்பு விலைக்கும் நிறுத்து எடுத்தேன். அன்று எனக்கும் தெரியாது. யாரையும் ஏமாற்றும் எண்ணமும் இல்லை. சில மாதம் கழித்து, அதில் இருந்த பெரிய யானைக் காசு ஒன்றை, நான் அந்த முழு டின்னுக்கும் கொடுத்ததைவிடப் பல மடங்கு விலைக்கு ஒருவர் வாங்கிப் போனார். அதுதான் 1821 ரிக்ஸ் டொலர்.

மனம் கேட்காமல் அந்த வீட்டைத் தேடிப் போனேன். வீட்டை விற்றுவிட்டு எங்கோ போய்விட்டார்கள் என்றார்கள். அயலில் எவருக்கும் விபரம் தெரியவில்லை. அவர்களின் பங்கு என்று நான் கணக்கிட்ட தொகையை அவர்களின் பெயரில் ஸதக்காவாகக் கொடுத்தேன். ஆனாலும் அந்தக் கணக்கு இன்னும் என் மனதில் மூடப்படவில்லை.

விலை தெரியாத ஒருவர் நம்மை நம்பி மேசையில் ஒரு டின்னைக் கொட்டும்போது, அவருக்குத் தெரியாததை நாம் சொல்ல வேண்டும். அது நட்டமல்ல. அன்று அக்குறணைத் தாயாரிடம் சிறிய மூன்றையும் ஐந்து சதங்களையும் வேறாக எடுத்துக் காட்டி, அவற்றின் விபரத்தைச் சொன்னேன். சாதாரணக் காசுகளை மட்டும் நான் வாங்கிக்கொண்டேன். மற்றவற்றைச் சட்டப்படி இங்கேயே சேகரிப்பாளர்களுக்குக் காட்டி விற்று, என் தரகை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன். செம்பு விலைக்கு வாங்கியிருந்தால் கிடைத்திருக்கும் இலாபத்தைவிட அந்தத் தரகு குறைவுதான்.

பெருநாள் கழிந்து அவர் திரும்பவும் வந்தார். இம்முறை தம் தங்கையையும் கூட்டிவந்திருந்தார். தங்கையின் கையிலும் ஒரு டின் இருந்தது.